சந்திரனில் கட்டுச்சோறு

எனக்குப் பொறாமை அதிகம். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை, வயசாகிவிட்டது. சின்ன வயசில் அக்காவின் தலைமுடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பிறகு எதிர்வீட்டுப் பெண்ணின் சைக்கிளைப் பார்த்து. அதெல்லாம் ரெண்டு நாள் காய்ச்சல், வந்த மாதிரியே போய்விடும். ஒருத்தியின் வாயைப் பார்த்து நான் பட்ட பொறாமைதான் ஒன்றேகால் வருஷம் நீடித்தது. அவ்வளவு காலமும் அவளும் நானும் ஒரே அறையில்தான் குடியிருந்தோம்.

எழுபதுகளின் நடுவில், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. எனக்கு நாலாம் வகுப்பு. அவளுக்கு மூன்றாம் வகுப்பு. அங்கே யாருக்கும் பேர் கிடையாது. பெண் என்றால் டீச்சர், ஆண் என்றால் சார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம், சண்டை போடும்போதும்கூட.

என்னைக் கொண்டுபோய் விட அப்பா வந்தார். கொல்லங்கோட்டில் ஏறி, பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம், குமுளி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆனது. அம்மா புளிச்சோற்றை வாழையிலையில் வைத்து, துணியில் இறுக்கிக் கட்டிக் கொடுத்திருந்தாள். நாங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் பெட்டியை இறக்கியபோது மதியம். என்னோடு ஒரே கோட்டர்ஸில் தங்கப்போகிறவளின் அம்மா, கொழுந்து எடுக்கிற வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, எங்களுக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அப்பா கையைக் கூப்பினார்.

“எதுக்குங்க உங்களுக்குச் சிரமம். எங்களுக்குக் கட்டுச்சோறு இருக்குதுங்க” என்றார்.

பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தோம். முந்தின நாள் காலையில் கட்டிய சோறு. லேசாக வாடை வர ஆரம்பித்திருந்தது. அப்பா முகம் மாறாமல் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். கோழிக் குழம்பின் வாசனை காற்றில் வந்துகொண்டே இருந்தது. அந்த அம்மாள் சட்டியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த மலையில் ஒரு பட்டப்பேர் இருக்கிறது என்பது அடுத்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. தேங்காய் விற்கவும் மாடு பிடிக்கவும் ஏலக்காய் வாங்கவும் கொல்லங்கோடு, சித்தூர்ப் பக்கத்திலிருந்து மேலே வருகிறவர்கள் யாரும் டீக்கடைக்குள் நுழைய மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மூட்டையைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். அதனால் எங்கள் எல்லோருக்கும் கட்டுச்சோறு என்று பேர். “ரெண்டு கட்டுச்சோறு வந்து எறங்கியிருக்கு” என்பார்கள். “கட்டுச்சோத்துக்கிட்ட வெலை பேசி ஜெயிக்க முடியுமா” என்பார்கள். ஒருத்தருக்கும் அதுதான் பேர், மொத்த சனத்துக்கும் அதுதான் பேர்.

அவளைப் பார்த்த முதல் நாள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கறுப்பு, ஒல்லி, முன்பல் ஒன்று உடைந்திருந்தது. நான் நல்ல நிறம். டிரெயினிங் பரீட்சையை அவள் ரெண்டாம் தடவை எழுதித்தான் பாஸ் செய்தவள். நான் வகுப்பில் மூன்றாவதாக வந்தவள். இவளோடு காலம் தள்ளிவிடலாம், நம்மை மிஞ்ச மாட்டாள் என்று நினைத்தேன். என் புத்தி எப்போதும் அப்படித்தான் ஆளை அளக்கும்.

அப்புறம் அவள் வாயைத் திறந்தாள். மதியம் பிள்ளைகளுக்கு உப்புமா போட்டு முடித்ததும் நாங்கள் ஐந்து பேர் ஆபீஸ் அறையில் சாப்பிட உட்காருவோம். ஹெட்மாஸ்டர் மலையாளி, தமிழ் பாதிதான் புரியும். அவரும் ஃபைலை மூடிவிட்டு அவளைப் பார்ப்பார். அவள் எதையும் ஆரம்பத்திலிருந்து சொல்ல மாட்டாள். நடுவில் தொடங்குவாள். நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு, சோற்றில் கல் கிடக்கிறதா என்று நிதானமாகப் பார்ப்பாள். அதுவரைக்கும் மற்ற நாலு பேரும் கையை டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு காத்திருப்போம். நானும் காத்திருப்பேன், அதுதான் எனக்கு ஆத்திரம்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பாள் அம்மா. இவள் சட்டியில் என்ன இருந்தது? கம்பத்தைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. ரயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவள். பின்னே எங்கிருந்து இவ்வளவு வருகிறது என்று எனக்கு வயிறு எரியும்.

எங்கள் வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து என் நாக்குதான். அழகு அக்காவுக்குப் போய்விட்டது. அப்பா யாரையும் வாய்விட்டுப் பாராட்டாதவர். நான் ஏதாவது துடுக்காகச் சொன்னால் மட்டும் மீசைக்குள் லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் சொல்வேன். அதே நாக்கோடு மலைக்கு வந்தேன். அங்கே அது எடுபடவில்லை. ஒரு நோட்டில் கதைகள் எழுதி வைத்து, கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகி, மதியம் சொல்லிப் பார்த்தேன். நான் முடித்த பிறகு கணக்கு சார் சோற்றைப் பிசைந்துகொண்டே, “சரி, அப்புறம்?” என்று கேட்டார்.

ஆடி மாசம், நல்ல மழை. அன்றைக்கு நான் டப்பாவைத் திறந்தேன். உள்ளே புளிச்சோறுதான். “கட்டுச்சோறு கட்டுச்சோறு திங்குது பாருங்க” என்றார் கணக்கு சார். கெட்ட மனுஷர் இல்லை, வாய் கொஞ்சம் நீளம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பேரைப் பின்னாலிருந்துதான் கேட்டிருக்கிறேன், முகத்துக்கு நேரே கேட்டதில்லை.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. “சார், அவசரப்படாதிய. அந்தப் பேரு இன்னும் வரவே இல்ல. இன்னும் நூறு வருஷம் கழிச்சுத்தான் வரப்போவுது” என்றாள்.

“இப்பவே கூப்புடுதோமே டீச்சர்?”

“முன்கூட்டியே கூப்புடுதிய. காரணம் பொறவுதான் வரும்.”

அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். சந்திரனில் ஆள் இறங்கிச் சில வருஷம்தான் ஆகியிருந்த காலம் அது. அவள் கதையில் நூறு வருஷம் கழித்துக் குமுளி பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்திரனுக்குப் பஸ் போகிறது. கூட்டம் நெரிகிறது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, மூட்டை முடிச்சுக்கு டாப்பில் இடமில்லை என்று கத்துகிறான். கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. அந்த அம்மாளின் மடியில் ஒரு மூட்டை. இறக்கச் சொன்னால் இறக்க மாட்டேன் என்கிறாள். அந்த அம்மாள் பேசுவதை எங்கள் பேச்சிலேயே சொன்னாள், “ஏனுங்க, இது பாட்டுக்கு என்ர மடில இருக்குதுங்க, உங்குளுக்கு என்னங்க?” என்று. நான் அவளோடு பேசிப் பழக ஆரம்பித்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அதற்குள் என் அம்மாவின் குரலையே பிடித்துவிட்டாள், என் அம்மாவைப் பார்க்காமலே.

சந்திரனில் யாரும் சமைப்பதில்லை. காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. பல் எதற்கு இருக்கிறது என்பதே அங்கே மறந்துபோய்விட்டது. பல ஊர்க்காரர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கும் மாத்திரையைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். “வேண்டாமுங்க, எங்களுக்கு இருக்குதுங்க” என்று அந்த அம்மாள் மூட்டையைத் தட்டிக் காட்டுகிறாள். எல்லோருக்கும் கோபம். எங்கள் மாத்திரையை வாங்கினால் குறைந்தா போய்விடுவார்கள், இவ்வளவு வீம்பா என்று பேசிக்கொள்கிறார்கள். குடும்பம் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறது.

அங்கே நிறுத்தினாள். சோற்றில் கல் பார்த்தாள். ஹெட்மாஸ்டர் “எந்நிட்டு?” என்று, அப்புறம் என்ன ஆச்சு என்பதை மலையாளத்தில் கேட்டார்.

ஒருநாள் மாத்திரை செய்கிற மெஷின் நின்றுபோகிறது. ஒரு நாள், ரெண்டு நாள், மூன்று நாள். பசி என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள், வயிற்றைக் காட்டி, உள்ளே என்னமோ இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று அழுகிறார்கள். மூன்றாம் நாள் கொல்லங்கோட்டு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மூட்டையை நடுவில் கொண்டுவந்து வைத்து முடிச்சை அவிழ்க்கிறாள். சந்திரனில் எதற்கும் கனமில்லையா, அவிழ்த்ததும் சோறு மேலே எழும்புகிறது. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் பருக்கை பருக்கையாகக் காற்றில் போகிறது. இலை போட முடியாது. பந்தி வைக்க முடியாது. யாருக்கு முதல், யாருக்குப் பின்னால் என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரன், கறுப்பன், ஆபீசர், கக்கூஸ் கழுவுகிறவன், கொல்லங்கோட்டுக் குடும்பம் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு குதித்து ஓடுகிறார்கள். எவன் வாயில் எவன் சோறு என்று எவனுக்கும் தெரியாது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்தச் சனத்துக்குப் பேர் வைக்கிறார்கள். அன்றிலிருந்து சந்திரனில் பிள்ளைகளுக்குப் பசித்தால் பூமியைப் பார்த்து, கட்டுச்சோறு வருது, கட்டுச்சோறு வருது என்று கை தட்டுமாம்.

“அதனால அந்தப் பேரச் சொல்லும்போது கொஞ்சம் மரியாதையா சொல்லுங்க சார். பின்னால ஒங்க பேரப்பிள்ளைய பசியாத்தப்போற பேரு” என்று முடித்தாள்.

கணக்கு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு சிரித்தார். என்னைப் பார்த்து, “தப்பா எடுத்துக்காதிய டீச்சர்” என்றார். அவள் எனக்காகத்தான் அந்தக் கதையைக் கட்டினாள். என் மானத்தைக் காப்பாற்றினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? “சந்திரன்ல சோறு மெதக்காதுங்க டீச்சர். எடை ஆறுல ஒரு பங்குதான் ஆகும். கீழ விழுந்துரும்” என்றேன். அறிவியல் பாடத்தில் படித்தது. “சும்மா இருங்க டீச்சர்” என்று ரெண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அது என் கதை. என் சனத்தைப் பற்றியது, என் டப்பாவிலிருந்து எழுந்தது, என் அம்மாவின் குரலில் சொன்னது. அது ஏன் எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது? மலையில் பிறந்தவளுக்குக் கொல்லங்கோட்டைப் பற்றிச் சொல்ல என்ன பாத்தியதை? இப்படியெல்லாம் எனக்குள்ளே வழக்குப் பேசிக்கொண்டு, அன்று முழுக்க நாலாம் வகுப்புப் பிள்ளைகளை அடித்தேன்.

கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்குப் போனேன். அப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்காவும் அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். “மலைல நம்மாளுகளுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க, தெரியுமுங்களாப்பா?” என்று ஆரம்பித்தேன். அப்பாவின் முகம் சுருங்கியது. உடனே, “ஆனா அந்தப் பேரு இன்னும் வரவே இல்லீங்க, நூறு வருசம் கழிச்சுத்தான் வரப்போகுது” என்றேன். அவள் நிறுத்திய இடத்தில் எல்லாம் நிறுத்தினேன். சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மீசைக்குள் சிரிக்கிற சிரிப்பு இல்லை, வயிறு குலுங்குகிற சிரிப்பு.

மூட்டையை அவிழ்க்கிற இடம் வந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். சோறு மேலே எழும்பி, எவன் வாயில் எவன் சோறு என்று போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தெரிந்தது. அதனால் எழும்ப விடவில்லை. என் கதையில் கொல்லங்கோட்டு அம்மாள் எல்லோரையும் வரிசையாக உட்காரச் சொன்னாள். கரண்டி எடுத்தாள். ஆபீசர் முதல் எல்லோரும் கையேந்தி உட்கார்ந்தார்கள், நம்மவள் தூக்கிப் போட்டாள், அவர்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். அதனால் அந்தப் பேர் வந்தது.

“அடி சாமி, என்ர பொண்ணு எங்கிருந்துடா இதையெல்லாம் புடிக்கறா” என்றார் அப்பா.

நானே நினைச்சேனுங்க என்று நான் சொல்லவில்லை. இன்னொருத்தி சொன்னது என்றும் சொல்லவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதுபோல அந்த லீவு முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிப் பரிமாறினேன். கதை பொங்கல் வரைக்கும் ஊரில் சுற்றியதாக அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள்.

முன்னமே, நாங்கள் நன்றாக இருந்த ஒரு நாளில், “லீவுக்கு எங்கூருக்கு வாங்க டீச்சர்” என்று அவளிடம் வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தேன். சித்திரையில், பெரிய லீவுக்கு நான் ஊரில் இருந்தபோது, அவள் வருவதாக ஒரு கார்டு வந்தது. மலையே கண்ணில் படாத வெளி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாம். கொல்லங்கோட்டில் நின்று தெற்கே பார்த்தால் மலைதான், இதை யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம். அக்கா ஏழு மாசம். கட்டுச்சோறு கொண்டுபோய்க் கொடுத்து அக்காவை அழைத்து வருகிற சடங்கு முடிந்து, மறுநாள் வீடு முழுக்க ஒரம்பரை, சொந்தக்காரச் சனம். அந்த நாளில் அவள் வந்து இறங்கினாள், கையில் ஒரு டப்பா தேயிலைத்தூளோடு.

அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“அந்தப் புள்ள எந்த ஆளுங்க கண்ணு?”

“வேதக்காரங்கம்மா.”

“அது செரி. வேதத்துல சேர்றதுக்கு முந்தி?”

தெரியாது என்றேன். தெரியும்.

எங்கள் வீட்டில் ஒருத்தரை மரியாதையாலேயே தள்ளி வைக்கத் தெரியும். “டீச்சரைக் கீழயா உக்கார வெப்பீங்க, மேசை போடுங்க” என்றாள் அம்மா. வீட்டில் இருந்த ஒரே மேசையையும் அப்பாவின் நாற்காலியையும் முன்கூடத்தில் போட்டார்கள். அவளுக்குத் தலைவாழை இலை. மற்றவர்கள் உள்முற்றத்தில் வரிசையாகத் தரையில். அவள் அங்கிருந்து எங்களைப் பார்க்கலாம், நாங்கள் அவளைப் பார்க்கலாம். அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. அவள் அந்தப் பெரிய நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் சோற்றுக் கரண்டியோடு பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். “டீச்சர், உங்க சிநேகிதி ஒரு கதை சொல்லுமுங்க. நாங்கெல்லாம் சந்திரனுக்குப் போற கதை. கேட்டிருக்கீங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“சொல்லு கண்ணு. டீச்சரும் கேக்கட்டும்” என்றார் அப்பா.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கரண்டி கையில் இருக்கிறது, வேலை இருக்கிறது என்றாவது தப்பித்திருக்கலாம். முப்பது பேர் என்னைப் பார்க்கிறார்கள், அப்பா சிரிக்கத் தயாராக இருக்கிறார். நான் சொன்னேன். கரண்டியைப் பிடித்துக்கொண்டு, பந்தி நடுவில் நின்று சொன்னேன். அவ்வளவு நன்றாக அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் முன்னால் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முறைத்திருந்தால் நான் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

முடிச்சை அவிழ்க்கிற இடம் வந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள். முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு. நான் கரண்டியை உயர்த்தி, “வரிசையா உக்காருங்கன்னு சொன்னா பாருங்க” என்றேன். பந்தியில் சிரிப்பு அலைமோதியது. அவள் இலையைப் பார்த்தாள். பிறகு தன் மேசையைப் பார்த்தாள், அப்புறம் எங்கள் வரிசையை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தாள்.

“பாத்தீங்களா டீச்சர், எப்படி எங்க பொண்ணு?” என்றார் அப்பா.

“நல்லா சொன்னாங்க ஐயா. நான் இந்தக் கதைய இதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல” என்றாள்.

மூன்று நாள் இருப்பதாக வந்தவள் மறுநாள் காலையிலேயே கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் போனேன். வழியெல்லாம் அவள் தென்னையைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள், என்ன விலை, எத்தனை போகம் என்று கேட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“அப்பாவுக்கு அந்த முடிவு பிடிக்காதுங்க டீச்சர். அதனாலதான் மாத்துனேன்” என்றேன். எடுத்துக்கொண்டதைப் பற்றிப் பேசாமல் மாற்றியதைப் பற்றி மட்டும் பேசினேன். அப்போதும் கெட்டிக்காரத்தனம்.

“ஒரு கதைய எடுத்துக்கிட்டா என்ன டீச்சர். கதைன்னா நாலு பேரு வாய்க்குப் போவத்தான் செய்யும்” என்றாள். பஸ் வந்தது. படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். “அந்தக் கடைசிக்காகத்தான் நான் மிச்சத்தையே கட்டுனேன். எங்கம்மா அன்னைக்குக் கோழிச் சட்டியோட நின்னாங்கல்ல, அத நெனச்சித்தான்.”

கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம்கூடச் சரியாக வராது. நான் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வெட்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. இவ்வளவு நடந்த பிறகும் நல்லதைச் சொல்லிவிட்டுப் போகிறாளே, அதுவும் இவளுக்கே வாய்க்கிறதே என்று.

பள்ளி திறந்தது. மறுபடி மழை. மதியம் கணக்கு சார், “டீச்சர், ரெண்டு மாசமா காது நமநமங்குது, ஒண்ணு எடுத்து விடுங்க” என்றார்.

“கொல்லங்கோட்டு டீச்சர்ட்ட கேளுங்க சார். அவுங்க என்னைவிட நல்லா சொல்லுதாங்க” என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும் அதேதான். ஒரு மாசம் கழித்து யாரும் கேட்பதில்லை. நான் பேசினேன். நான் பேசி முடித்ததும் அவர்கள் டப்பா கழுவ எழுந்துபோனார்கள். ஹெட்மாஸ்டர் ஃபைலை மூடுவதை விட்டுவிட்டார். அவள் வாய் மூட வேண்டும் என்று எத்தனை நாள் நான் மனசுக்குள் வேண்டியிருக்கிறேன். மூடிவிட்டாள். மற்றபடி என்னிடம் எந்த மாற்றமும் இல்லை. வெந்நீர் வைத்தால் எனக்கும் சேர்த்து வைப்பாள். நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்தாள். கதை மட்டும் இல்லை.

ஓணம் லீவு முடிந்ததும் அவளுக்குத் தூரத்தில் பள்ளிவாசல் என்கிற எஸ்டேட் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. வந்ததா, அவளே எழுதிக் கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. பெட்டியை ஜீப்பில் ஏற்றும்போது மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஓடிவந்து ஜீப்பைச் சுற்றி நின்று அழுதது. நான் வந்த வருஷத்திலிருந்து என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட எனக்காக அழுததில்லை, அடித்தால் தவிர. அதையும் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

புது டீச்சர் வருகிற வரைக்கும் மூன்றாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி ஹெட்மாஸ்டர் என்னிடம் சொன்னார். முதல் நாள் உள்ளே போனேன். முப்பது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள். முகத்தில் ஒன்றுமில்லை. வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன், சொன்னார்கள். இவர்களையாவது என் பக்கம் இழுக்க வேண்டும் என்று எனக்கு வெறி. அங்கே அப்பா இல்லை, ஒரம்பரை இல்லை, கணக்கு சார் இல்லை. “ஒரு கதை சொல்லட்டுமா? சந்திரனுக்குப் பஸ் போற கதை” என்றேன்.

கண்கள் விரிந்தன. அன்றைக்கு நான் அவள் சொன்னபடியே சொன்னேன், ஒரு வார்த்தை மாற்றாமல். கண்டக்டர், மடியில் மூட்டை, மாத்திரை, மெஷின், பசி. முடிச்சை அவிழ்த்தேன். சோற்றை எழும்ப விட்டேன். பருக்கை பருக்கையாக மேலே போகிறது என்று கையை உயர்த்திக் காட்டினேன்.

முப்பது பேரும் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டார்கள். கால்கள் தரையில் ஊன்றியிருந்தன. ஒருத்தரும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், இந்த எடத்துல எங்க டீச்சர் எங்கள எந்திரிக்கச் சொல்லுவாங்க. நாங்க எல்லாரும் வாயத் தொறந்துக்கிட்டு கிளாஸ் முச்சூடும் ஓடுவோம். டீச்சரும் ஓடுவாங்க. இப்ப ஓடட்டுமா?”

எனக்கு இது தெரியாது. பக்கத்து வகுப்பில்தான் இருந்தேன், சத்தம் கேட்டிருக்கிறது. பிள்ளைகளை அடக்கத் தெரியவில்லை இவளுக்கு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவர்கள் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், நானும் வாயைத் திறந்துகொண்டு அவர்களோடு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

“வேண்டாம். வரிசையா உக்காருங்க” என்றேன்.

உட்கார்ந்தார்கள்.